மீன்முள்ளில் ஒரு காலி இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் என் ஜீப்பில் வரும் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவது என்று புதன்கிழமை தோசைத் தட்டின் முன்னால் தீர்மானம் செய்தேன். தீர்மானம் என்னுடையதுதான். நாளும் நேரமும் மட்டும் என் மனைவி செந்தாமரையுடையவை.

சத்தம் கேட்பது என் தொழில். ஒரகடத்தில் ஒரு கியர்பாக்ஸ் கம்பெனி. லைனின் கடைசியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. கியர்பாக்ஸ் ஒவ்வொன்றாக உள்ளே வரும். சுழலும். நாற்பது வினாடி கேட்பேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் அது வெளியே போகலாம். சிவப்பை அமுக்கினால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஏன் சத்தம் வருகிறது என்று சொல்வது வேறு டிபார்ட்மென்ட். பதினோரு வருடமாக இந்த வேலை. 'காது பகலவன்' என்று கேட்டால் கேன்டீனில்கூட என்னைக் கைகாட்டுவார்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் சத்தம் போடும் ஒரு வண்டி.

பழைய ஜீப். நான்கு சக்கரமும் இழுக்கக்கூடியது. கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். அதை முன்னால் தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். பின்னால் இழுத்துவிட்டால் பின்சக்கரங்கள் மட்டும். வாங்கிய நாளிலிருந்து, வண்டியில் ஏறியதும் நான் செய்யும் முதல் வேலை அதை முன்னால் தள்ளுவது. எங்கள் லைனில் ஓர் ஆள் சும்மா நின்றால் சூப்பர்வைசருக்கு வியர்த்துவிடும். இரண்டு சக்கரம் உழைக்க, இரண்டு சக்கரம் சம்பளம் வாங்காத விருந்தாளி போல உருண்டு வருவதை நான் எப்படிப் பொறுப்பேன்?

சத்தம் ஆறு மாதமாக இருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது அடியிலிருந்து 'கடக்' என்று வரும். கொஞ்சம் விட்டு இன்னொரு 'கடக்'. யாரோ அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டி எதையோ சொல்ல முயல்வது போல. நேர் ரோட்டில் கிடையாது. மண்ணூர் ஏரிக்கரை மண்பாதையில் கிடையாது. தார் ரோட்டுத் திருப்பத்தில் மட்டும். அச்சுத் தண்டின் இணைப்பை மாற்றினேன். இரண்டு டப்பா கிரீஸ் அடைத்தேன். படப்பை மெக்கானிக் கன்னியப்பன் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு சத்தமும் இல்ல சார், ஆனா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். சத்தமே கேட்காதவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? சாவியை வாங்கிக்கொண்டேன். ஏறி, குட்டைக் கம்பியைத் தள்ளி, கிளப்பினேன். முதல் திருப்பத்திலேயே கடக். கன்னியப்பனின் காதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது.

இந்த நிலையில்தான் புதன்கிழமை.

"மாமா, ஞாயித்துக்கெழம மண்ணூர்லேர்ந்து தசரதன்னு ஒருத்தரு வர்றாரு. வண்டியப் பாக்க."

"எந்த வண்டிய?"

"வூட்ல எத்தினி வண்டி கீது?"

"எதுக்குப் பாக்கணும்?"

"பொண்ணு பாக்கறாப்பல பாத்துட்டு பஜ்ஜி சாப்ட்டுப் போவாரு. வாங்கறதுக்குதான் மாமா பாப்பாங்க."

பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்தேன். ஒரு வாரம் முழுக்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நினைத்துத்தான் பஞ்சு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற நாட்களில் எனக்குக் காலை ஏழு மணி கம்பெனி பஸ். ஓ.டி. முடிந்து வீடு திரும்ப எட்டாகிவிடும்.

"வண்டிய விக்கறதாவது!"

"நீ திரும்பறப்போ பக்கத்து வூட்டு லீலாக்காவோட நாய் எழுந்து நின்னு பாக்குது. மானம் போவுது."

"கண்டுபுடிச்சிடுவேன்."

"ஆறு மாசமா இதத்தான் சொல்ற. அந்தக் குட்டக் கம்பிய ஏன் மாமா எப்பவும் முன்னாடி தள்ற?"

"அது டெக்னிக்கல் விஷயம். உனக்குப் புரியாது."

"சரி," என்று சட்னி ஊற்றினாள். அவள் 'சரி' என்றால் அத்துடன் முடிந்தது என்றே பல வருடங்களாக நம்பி வந்திருக்கிறேன்.

"ஞாயித்துக்கெழம பத்து மணி வரைக்கும் டைம் குடு," என்றேன்.

"எழுதிக் குடு."

இருங்காட்டுக்கோட்டையில் கார் ஒயர் பின்னும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்டர். கையெழுத்து இல்லாமல் ஒரு ஒயரைக்கூட நம்பமாட்டாள். நானே பேப்பர் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"பத்து மணிக்குள்ள சத்தம் நின்னா வண்டி விக்கறதில்ல. எழுதிட்டியா? சத்தத்த யாரு கண்டுபுடிக்கறாங்களோ, சாவி அவங்க கையில."

இரண்டாவது வரி தேவையில்லைதான். நான்தானே கண்டுபிடிக்கப்போகிறேன்! ஒரு மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது லீலாக்கா மிக்ஸி ஜாரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். செந்தாமரையின் கம்பெனியில்தான் அவருக்கும் வேலை.

"லீலாக்கா, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"எங்க தம்பி போடணும்?"

"படிச்சிப் பாக்கலியாக்கா?"

"எனக்குத் தெரியும் தம்பி," என்று போட்டுவிட்டுப் போனார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளே கம்பெனி முறையில் இறங்கினேன். எங்களிடம் ஒரு கோளாறு வந்தால் முதலில் மீன்முள் வரைவோம். தலையில் கோளாறின் பெயர். நடுவில் முதுகெலும்பு. அதிலிருந்து நான்கு முட்கள்: இயந்திரம், பொருள், முறை, ஆள். எதெது காரணமாக இருக்கலாமோ அதையெல்லாம் அந்தந்த முள்ளில் எழுத வேண்டும். ஆள் என்ற முள்ளில் மட்டும் யார் பெயரையும் எழுதக்கூடாது. தொழிலாளியைக் குறை சொல்லாதே, முறையைக் குறை சொல் என்பது பயிற்சியில் முதல் பாடம். அந்த முள் எங்கள் கம்பெனியில் எப்போதும் காலியாகத்தான் தொங்கும்.

காலண்டரின் பின்பக்கத்தில் பெரிய மீனாக வரைந்தேன். சனிக்கிழமை ஓ.டி.யை விட்டுவிட்டு, வண்டியில் தெரிந்த குறைகளை ஒன்றுவிடாமல் எழுதினேன். சீட் தானாக முன்னால் நகர்கிறது. ஞாயிறு நான் தள்ளி வைக்கும் சீட், அடுத்த ஞாயிறு முழங்காலில் இடிக்கிறது. குட்டைக் கம்பி தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. டீசல் அளவு காட்டும் முள்ளில் கோளாறு. ஒரு வாரம் நிற்கிற வண்டியில் டீசல் சில சமயம் கூடியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நிற்கும்போதுகூட வண்டி அதிர்கிறது.

"நிக்கறப்போவா?" என்றாள் செந்தாமரை.

"ஆமா. கண்ணுக்குத் தெரியாத அதிர்வு."

"டீசல் கூடுதே, அதுவும் அதிர்வா?"

"அது முள்ளு."

அவள் மீனின் ஒரு முள்ளின்மேல் விரலை வைத்தாள். "இந்த முள்ளு மட்டும் ஏன் மாமா காலியா கீது?"

"அது அப்டித்தான். ஆள்மேல பழி போடக் கூடாது."

"நல்ல கம்பெனி," என்றாள்.

ஞாயிறு ஒன்பதரைக்குள் அடியிலுள்ள போல்ட் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். சீட்டைப் பின்னால் தள்ளினேன். கம்பியை முன்னால் தள்ளினேன். லேஅவுட்டின் முதல் திருப்பம். கடக். லீலாக்காவின் நாய் எழுந்து நின்றது.

பத்துக்கு ஐந்து நிமிடம். பைக்கில் தசரதன் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம், எதற்கும் பதறிப் பழகாதவர் போல. அவரைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் தேடினேன்.

"ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று சாவியை நீட்டினேன்.

அவர் சுற்றிப்போய் இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சார், ஓட்டற சீட்டு இந்தப் பக்கம்."

"நான் எப்பவும் இந்தப் பக்கந்தான் சார்," என்றார்.

செந்தாமரை என் கையிலிருந்து சாவியை எடுத்தாள். ஓட்டும் சீட்டில் ஏறினாள். குனிந்து எதையோ இழுத்தாள். கிர்ரென்று சீட் முன்னால் நகர்ந்தது. அடுத்து அந்தக் குட்டைக் கம்பியைப் பின்னால் இழுத்துவிட்டாள்.

"கிளட்ச்ச மெதுவா வுடும்மா," என்றார் தசரதன்.

"ரெண்டு மாசம் ஆச்சு சார் லைசென்ஸ் வாங்கி. இன்னும் அதையே சொல்றீங்க."

வண்டி போயிற்று. தார் போட்ட குறுக்குத் தெருவில் திரும்பியது. இன்னொரு தெருவில் ஒடித்துத் திரும்பியது. முச்சந்தியில் முழு வட்டம் அடித்தது. பதினோரு வருடக் காதையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக் கேட்டேன். என்ஜின் சத்தம். ஒரு காக்கை. வேறு எதுவுமில்லை. நாய் படுத்தே இருந்தது.

இறங்கி வந்தாள். மணி பத்தாக இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"திரும்பறப்போ முன்சக்கரம் பெரிய வட்டம் போவுது மாமா, பின்சக்கரம் சின்ன வட்டம் போவுது. நாலையும் ஒண்ணாக் கட்டிப்போட்டா ஒண்ண ஒண்ணு இழுக்கும். மண்ணுல சறுக்கிச் சரி பண்ணிக்கும். தார்ல எங்க சறுக்கறது? உள்ளயே முறுக்கிக்கினு கடக்குங்குது."

"யாரு சொன்னா?"

"கன்னியப்பன். அவர நீ எங்க பேச வுட்ட?"

"டிரைவிங் கத்துக்கினத ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மேட்ச் பாத்துக்கினு இருந்த. சரி சரின்ன. லைசென்ஸ் வந்தன்னிக்கும் சொன்னேன். அதுக்கும் சரின்ன. தெனமும் நானும் லீலாக்காவும் வண்டியிலதான் வேலைக்குப் போறோம்னு ஒருநாள் சொன்னேன். 'பத்திரமா போய்ட்டு வாங்க'ன்ன."

சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. முன்பின் தெரியாத கியர்பாக்ஸுக்கெல்லாம் ஆளுக்கு நாற்பது வினாடி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் நான். எட்டு மணிக்கு மேல் இந்தக் காதில் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். அதைக்கூட அவளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் கவனமாகக் கேட்பாள்.

தசரதனுக்குக் காபி வந்தது. அவர் மண்ணூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாராம். வண்டி வாங்கும் எண்ணம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை. "பாக்க வர்றாருன்னுதானே சார் சொன்னாங்க. பாத்துட்டேன்," என்றார்.

செந்தாமரை பேனாவை எடுத்தாள். காலண்டர் மீனின் காலியான முள்ளில் பொறுமையாக என் பெயரை, இனிஷியலோடு, எழுதினாள். புதன்கிழமைப் பேப்பரைப் பக்கத்தில் ஒட்டினாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள். அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். படப்பை கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்காக எட்டு மணிவரை நின்றேன். என் ஜீப் எந்தச் சத்தமும் இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. முன்சீட்டில் லீலாக்கா, மடியில் டிபன் பையுடன்.

செந்தாமரை எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி ஏறு மாமா. அங்கதான் தள்றதுக்குக் கம்பி எதுவும் கெடையாது."