உன் அக்காவின் கட்டணமில்லாப் பயணம் குறித்து

சேசு மரி சூசை துணை

பழனிசெட்டிபட்டி

பாசமுள்ள மாப்பிள்ளை இமானுவேலுக்கு மச்சான் இஞ்ஞாசிமுத்து எழுதுவது. அங்கே நீயும் தங்கச்சி இவாஞ்சலினும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே உன் அக்கா வியாகுலமேரி மிகுந்த சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போக்குவரத்துக் கழக அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு விட்டிருக்கும் இலவசத்தை, எல்லாருக்கும் முடியாவிட்டாலும், உன் அக்காவுக்கு மட்டுமாவது நிறுத்த வழி உண்டா என்று மேலதிகாரியிடம் கேட்டு உடனே எழுது.

மகள் மகிமா பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்குக் குடிபோனாள் அல்லவா, அன்றைக்குப் பிடித்தது சனி. அதுவரை பேத்தியே கதியென்று கிடந்த உன் அக்கா, முதல் வாரம் கீரை வாங்க வீரபாண்டி போனாள். கீரை நம் தெருவுக்கே கூடையில் வருகிறது. அடுத்த வாரம் போடி, அங்கே முறுக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்கும் அடுத்த வாரம் திராட்சை வாங்கக் கம்பம். நேர் பஸ்ஸில் ஏறினால் காசு என்று டவுன் பஸ்ஸாகவே மாறி மாறிப் போய், காலையில் கிளம்பியவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினாள். திராட்சையில் பாதி ரசமாகத்தான் வந்து சேர்ந்தது. அன்று பார்த்து வீட்டுச் சாவி அவள் பையில். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்திருக்க, எதிர்வீட்டு சங்கரலிங்கம், "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று கேட்டு, பதிலுக்குக் கூடக் காத்திராமல் நாலு இட்லி கொடுத்தனுப்பினார். மறுநாள் ரோஷம் வந்து நானே பால் காய்ச்சினேன். அந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை.

பொறுத்துப் பார்த்துக் கேட்டே விட்டேன். "மேரி, கூலிக்குப் போறவுக ஓசியில போறது நியாயம். பென்ஷன்காரன் பொண்டாட்டிக்கு எதுக்கு? இப்படி எல்லாருக்கும் வாரி விட்டா அரசாங்கம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அம்புட்டும் நான் கட்டுன வரி" என்றேன். உன் அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பென்ஷன் உங்களுக்குல்ல வருது. நான் முப்பத்தெட்டு வருசம் ஆக்கிப் போட்டதுக்கு எந்த ஆபீஸ்ல பென்ஷன் குடுக்குறாகன்னு சொல்லுங்க, நாளைக்கே அங்கன போயி வாங்கிட்டு வாரேன். பஸ்ஸுதான் ஓசியாச்சே."

இதற்கு மேல் வீட்டில் பேசிப் பயனில்லை என்று, போன வியாழக்கிழமை அவள் ஏறிய பஸ்ஸிலேயே பின்படியால் நானும் ஏறினேன். என் கெட்ட நேரம், சட்டைப் பையில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சில்லறை இல்லைன்னா இறங்கிக்கங்க சார்" என்றார். உன் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது ஞானபாக்கியம் என்று ஒரு அம்மாள், திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர், உன் அக்காவின் புதுச் சிநேகிதி, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை நீட்டினார். "எங்க அக்கா வீட்டுக்காரருதான், குடுங்க டிக்கெட்ட." வரி கட்டியவனுக்கு ஓசியில் போகிறவர் டிக்கெட் எடுத்த கதை இது. வாங்கிய டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உங்களை மாதிரி உழைக்கிறவுகளுக்கு மட்டும் குடுத்தாப் போதும்லம்மா?" என்றேன். அவர், "ஏழைக்கு மட்டும்னா அந்தக் கார்டக் காட்டு, இந்தச் சீட்டக் காட்டும்பாக சார். அம்புட்டுப் பொம்பளைக்கும்னு இருக்கப் போயித்தான் ஒண்ணும் கேக்காம ஏத்துறாக" என்றார். பஸ்ஸே சிரித்தது. உன் அக்கா எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

மாப்பிள்ளை, உனக்கு மட்டும் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் அவள் கையில் காசு இருக்காது. தேனிக் கடைவீதிக்கோ, வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினம் ஏறவோ, ராயப்பன்பட்டியில் உங்கள் வீட்டுக்கோ, எங்கே போவதானாலும் நான் சட்டை மாட்டும் நேரம் பார்த்து வந்து நிற்பாள். "பஸ்ஸுக்குக் காசு..." என்று பாதியில் நிறுத்துவாள். நான் எல்லாப் பையையும் தடவிப் பார்த்துவிட்டு, "சில்லறை இல்லையே, சரி வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்பேன். சில்லறை இருக்கும். இருந்தாலும் இல்லை என்பேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். சின்னமனூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நெல்வயல், அவள் தலையில் வைத்த பிச்சிப்பூ காற்றில் என் தோளில் உதிரும். அரசாங்கம் தாங்காது என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். உண்மையில் கஜானா எக்கேடு கெட்டால் எனக்கென்ன? உன் அக்கா இப்போது என்னிடம் எதையும் கேட்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தேவமாதாவின் அடைக்கலம் உங்கள் வீட்டுக்கு என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தனியாகச் சாப்பிடும் மச்சான்,
இஞ்ஞாசிமுத்து

பி.கு.: தபால்தலை ஒட்டித் தரச் சொன்னேன், உன் அக்கா ஒட்டிவிட்டு முழுவதையும் படித்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "உங்களுக்கு அது வெளையாட்டு. பஸ்ஸுக்குக் காசுன்னு உங்ககிட்ட ஒத்த வார்த்தை கேக்க, நான் முத நாளே அடுப்படியில நின்னு சொல்லிச் சொல்லிப் பாப்பேன். நீங்க இல்லைன்னு பையத் தடவுறப்ப எனக்குக் கண்ணு கலங்கிரும்" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு இது தெரியாது. ஆகவே என் கோரிக்கையை ரத்து செய்கிறேன், மேலதிகாரியிடம் எதையும் கேட்டுவிடாதே. தபால்தலை ஒட்டியாகிவிட்டதே என்றுதான் இதை அனுப்புகிறேன். நாளை உன் அக்காவும் அவள் பஸ் சிநேகிதிகளும் மறுபடி கம்பம் போகிறார்களாம். "நானும் வரட்டுமா?" என்று கேட்க மத்தியானம் சாப்பிட்ட கையோடு எழுந்தேன், கேட்டு முடித்தபோது கோயிலில் சாயங்கால மணி அடித்துவிட்டார்கள். "பாப்போம்" என்று சொல்லியிருக்கிறாள்.