பாவம் தேடி அலைந்த புனல்

உலகத்திலேயே, 'நாம ஒரு பாவமும் செய்யலியே' என்று கவலைப்பட்டு இளைத்துப்போன ஒரே மனுஷன் எங்கள் புனல்தான். ஊரில் எல்லாரும் செய்த பாவத்தை மறைக்க வழி தேடுவார்கள். இவர் செய்யாத பாவத்தைத் தேடி அலைந்தார். அலைந்து அலைந்து, கடைசியில் போலீஸ் ஜீப் வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தார். கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள், புரையேறினால் நான் பொறுப்பில்லை.

அது 1991. ஒரகடம் பக்கம் இப்போது இருக்கிற கம்பெனிகள் எதுவும் அப்போது கிடையாது. ஏரி, வயல், நடுவே ஒன்றிரண்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு. அதில் ஒன்று, போல்ட்டும் புஷ்ஷும் செய்கிற எங்கள் கம்பெனி. நான் டைம் ஆபீஸ் கிளார்க். எவன் எப்போது உள்ளே வந்தான், எவன் ஓ.டி. பார்த்தான் என்று பார்ப்பது என் வேலை. புனலுக்கு ஆயில் ஸ்டோர். மெஷின்களுக்கு வேண்டிய எண்ணெயைத் தகரப் புனல் வைத்து டின்னில் ஊற்றிக் கொடுப்பார். ஆனால் பட்டப்பேர் வந்தது அதனால் இல்லை.

வல்லம் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவர் அவர். அதுவரைக்கும் அவருடைய பக்தி கிறிஸ்துமஸுக்குப் புதுச் சட்டையோடு முடிந்துவிடும். அந்த வருஷம் தண்டலத்தில் ஒரு மைதானத்தில் எழுப்புதல் கூட்டம், அதாவது விசுவாசத்தைத் தட்டி எழுப்புகிற பிரசங்கக் கூட்டம், நடந்தது. சம்சாரம் மேரியம்மா நச்சரித்ததால் போனார். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார்.

"சார், உள்ளுக்குள்ள யாரோ லைட்டு போட்டா மாதிரி கீது சார்" என்றார் என்னிடம். கண்ணில் தண்ணீர். நான் காலையில் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்கு வருகிற ஆள். இருந்தாலும் சொல்கிறேன், அந்த லைட்டு நிஜம். மூஞ்சியிலேயே தெரிந்தது.

லைட்டு எரிந்தால் சும்மா இருக்க முடியுமா? "கிடைத்த நல்ல செய்தியை மூடி வைக்காதீர்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள்" என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். மைக் வாங்க வசதி இல்லை. நம் ஆள் ஆயில் ஸ்டோரிலிருந்த பெரிய தகரப் புனலை எடுத்து, குறுகின பக்கத்தை வெட்டி, வாயில் வைத்துக்கொண்டார். எட்டூருக்குக் கேட்டது. பேசி முடித்து இறக்கினால் வாயைச் சுற்றிக் கறுப்பாக ஒரு எண்ணெய் வட்டம். அன்றிலிருந்து மனுஷன் பேர் புனல். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் இருந்த பேரை நானே மறந்துவிட்டேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சாட்சியில். அவர்கள் சபையில் ஒவ்வொருவரும் எழுந்து, 'நான் முன்பு இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாற்றினார்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பேர் சாட்சி. ஒருத்தர் கத்தியோடு அலைந்தவர். ஒருத்தர் சாராயத்தில் நிலத்தை அழித்தவர். கேட்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். நம் புனலின் முறை வந்தது.

"நான் முந்தி ஏழு மணிக்கு எழுந்திரிப்பேன். இப்ப அஞ்சு மணிக்கே எழுந்துக்கிறேன். ஸ்தோத்திரம்!"

சபையில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டாராம்.

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். "சார், உங்களாண்ட தானே எல்லார் கார்டும் கீது. நான் எப்பனா லேட்டா வந்துக்கீறேனா?"

பார்த்தேன். "இல்லியேய்யா. ஒரு நாள் கூட இல்ல."

"சொல்லாம கொள்ளாம லீவு?"

"அதுவும் இல்ல."

"ஷிப்ட்ல தூங்கினேன்னு ரிப்போர்ட்டு?"

"ஒண்ணும் இல்லப்பா, நீ தங்கம்."

நான் என்னவோ அவர் குடியைக் கெடுத்துவிட்ட மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம்தான் பாவங்கள் வளர ஆரம்பித்தன. சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் ஸ்டேஷன் வாசலில் நின்று பேசுவார். முதல் வாரச் சாட்சியில் ஒரு பீடி குடித்தார். நாலு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் சாராயம் குடித்தார். பத்துப் பேர். அதற்கடுத்த வாரம் தகரப் புனலை வானத்தைப் பார்த்துத் தூக்கி, "இந்தப் பாவி ஒரு திருடன்! நான் பூட்டு ஒடைக்காத வூடு கெடையாது! அந்த என்னையே ஆண்டவர் மன்னிச்சிட்டாரு!" என்று முழங்கினார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தரும் நகரவில்லை.

சேதி வல்லம் போய்ச் சேர்ந்தது. மேரியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஊரெல்லாம் திருடினியாமே? வூட்ல ஒரு நல்ல அண்டா கூட இல்லியேய்யா! எங்க கொண்டு போயி வெச்சிக்கீறே?"

"அது சாட்சிக்குச் சொன்னது மேரி."

"சாட்சின்னா கர்த்தர் செஞ்சத சொல்லு. நீ செய்யாதத ஏன்யா சொல்றே?"

நல்ல கேள்விதான். ஆனால் இதற்குள் ஒரு காரியம் நடந்திருந்தது. எங்கள் லேத்து ஆபரேட்டர் ஏழுமலை குடியை விட்டுவிட்டான். சம்பளம் வாங்கினால் பாதி வழியில் கரைந்துவிடும் அவனுக்கு. அப்படிப்பட்டவன் நிதானமாக ஷிப்டுக்கு வருகிறான், டிபன் பாக்ஸில் சோறு கொண்டுவருகிறான். புனலுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் சாட்சி சார்! இவ்ளோ பெரிய திருடனுக்கே மன்னிப்புன்னா நமக்கு இன்னான்னு வுட்டுட்டான் சார்!"

அந்தத் தைரியத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். முலாம் பூசும் பட்டறைக்கு இரும்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றிருந்தது. புனல் அன்றைக்குச் சாட்சியில் ஒரு பங்களாவுக்குள் ஓடு பிரித்து இறங்கினார். நாய் வந்தது. விளக்கு எரிந்தது. லோடுமேன்கள் தோளில் மூட்டையோடு வாயைப் பிளந்து நின்றார்கள். கையில் எது அகப்பட்டதோ அதை லாரியில் போட்டுவிட்டு மறுபடி காதைக் கொடுத்தார்கள். வாட்ச்மேன், "அப்பறம் நாய் இன்னா ஆச்சு?" என்று கேட்டபடியே லாரியைப் பார்க்காமல் வெளியே விட்டார்.

திங்கட்கிழமை காலை பார்த்தால், சனிக்கிழமை எடை போட வெளியே எடுத்து வைத்திருந்த பித்தளை புஷ் மூட்டையைக் காணோம். விலை உயர்ந்த சரக்கு. வைத்திருந்த இடம் ஆயில் ஸ்டோரை ஒட்டி. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு போலீஸுக்குச் சொன்னார். ஜீப்பில் ஏட்டய்யா வந்தார். வரிசையாக எல்லாரையும் பார்த்துக்கொண்டே வந்தவர், வாயைச் சுற்றி எண்ணெய் வட்டத்தோடு நின்ற புனலிடம் வந்ததும் பரவசமாகிவிட்டார்.

"அட, நீயா! ஸ்டேஷன் வாசல்ல நானே கேட்டனேய்யா! பூட்டு ஒடைக்காத வூடே இல்லன்னு நீயே ஒத்துக்கினியே!"

வேலை போகும், ஜெயிலுக்கும் போவான் மனுஷன், செய்யாத குற்றத்துக்கு! ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "யோவ், எல்லாம் கட்டுக்கதைன்னு சொல்லித் தொலைய்யா!"

புனல் ஏழுமலை நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். "சொல்லிடலாம் சார். ஏழுமலை நிக்கிறானே. என் திருட்டை நம்பித்தான் அவன் குடியை வுட்டான். அது பொய்யின்னு தெரிஞ்சா, இன்னிக்கி சாயங்காலமே கடைக்குப் போயிடுவான் சார். அவன் புள்ளைங்க ரெண்டும் இப்பத்தான் வயிறார சோறு துன்னுது."

கிறுக்கன் என்று நினைத்திருந்த ஆள், ஜெயிலையும் இன்னொருத்தன் பிள்ளைகளின் சோற்றையும் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஷிப்டு மாறுகிற மணி அடித்தது. உள்ளே இருந்தவர்கள், வெளியே இருந்தவர்கள், எல்லாரும் கேட்டில் கூடிவிட்டார்கள். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லி மேரியம்மாவும் ஓடிவந்திருந்தார். புனல் தன் தகரப் புனலைக் கையில் எடுத்தார். ஆனால் வாயில் வைக்கவில்லை. முதல் தடவையாக வெறும் வாயால் பேசினார். பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

"நான் திருடன் இல்ல. எதையும் திருடினதில்ல. சாராயம் எப்டி இருக்கும்னு கூட தெரியாது. எல்லாரும் நின்னு கேக்கணும்னு ஆண்டவர் பேர்ல பொய் சொல்லிட்டேன். ஏழுமலை, நீ என்னை நம்பி குடியை வுட்டே. என்னை அடிச்சாலும் அடி. ஆனா திரும்பி அங்க மட்டும் போயிடாதடா."

ஏட்டய்யாதான் முதலில் வாயைத் திறந்தார். "முந்தி திருடன்னே. இப்ப பொய்யன்றே. பொய்யன் சொல்றத நான் எப்டிய்யா எழுதிக்கறது?"

ஏழுமலை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். "ஐயா, இவன் திருடனா? போன மாசம் இவன் சைக்கிள் சாவி தொலஞ்சிபோச்சு. பூட்டைத் தொறக்கத் தெரியாம அதைக் கட்டிப் புடிச்சிக்கினு ஜெபம் பண்ணிக்கினு இருந்தான். நான்தான் தொறந்து குடுத்தேன். இவன் பங்களாவுல எறங்கினானாம்! கம்பெனியில ஒருத்தனும் நம்பலீங்க ஐயா. நம்பின ஒரே ஆளு நீங்கதான்."

ஏட்டய்யா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப நீ எதுக்குடா குடியை வுட்டே?" என்றார் புனல்.

ஏழுமலை தரையைப் பார்த்தான். "தெனம் கடை வாசல்ல வந்து நிப்பியே. உள்ள வர மாட்டே, வைய மாட்டே. நான் வெளிய வந்தா சைக்கிள்ல ஒக்கார வெச்சி வூட்ல கொண்டுபோயி வுடுவே. ஒரு நாள் அடைமழை. தொப்பலா நனைஞ்சிக்கினு அப்பவும் நின்னுக்கினு இருந்தே. அதுக்கப்பறம் உள்ள போவ வெக்கமா போச்சு. அவ்ளோதான். உன் கதைய எவன்யா கேட்டான்?"

அந்தச் சமயத்தில்தான் ஹாரன் சத்தம். முலாம் பட்டறை லாரி! டிரைவர் இறங்கி வந்தார். "இன்னா சார், இரும்போட ஒரு பித்தளை மூட்டையும் ஏத்தி வுட்டுட்டீங்க. காலையில பிரிச்சப்பதான் பாத்தோம்." லோடுமேன்கள் ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் ஒளிந்தார்கள். வாட்ச்மேன் திடீரென்று கேட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்பாடா! என் வாழ்நாளில் ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னார். ஏட்டய்யாவும் ஒரு டீ குடித்துவிட்டு, "இனிமே மன்னிப்பைப் பத்தி மட்டும் பேசு, திருட்டை எங்களுக்கு வுட்ரு" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். புனல் மண்ணில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மேரியம்மா முந்தானையால் அவர் வாயின் எண்ணெய் வட்டத்தைத் துடைத்துக்கொண்டே, "நீ திருடன் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்யா. அண்டா இல்லியே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். கொட்டாவி விட்ட பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மறுநாள் ஜன்னலில் வந்து நின்றார். "சார், ஆண்டவர் பேர்ல பொய் சொல்றது பெரிய பாவம்தானே?"

"பெரிய பாவம்தான்யா."

"அதையும் மன்னிச்சிட்டாருன்னா அது நெஜமான சாட்சிதானே?"

"தாராளமா."

மூஞ்சியில் மறுபடி அந்த லைட்டு.

சில வருஷம் கழித்து எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் பஸ் ஏறினேன். கேட்டில் புனல். பக்கத்தில் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை. பஸ் நகர்ந்ததும் மனுஷன் புனலை வாயில் வைத்தார். "ஆண்டவரே! டைம் ஆபீஸ் சாரு போறாரு! நல்ல மனுஷன்! பாத்துக்கோ! இது பொய் இல்ல!" பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. ஏரிக்கரை வளைவு வரைக்கும் அந்தக் குரல் கூடவே வந்தது.

நான் இன்றைக்கும் திருநீறு பூசுகிறவன்தான். ஆனால் எங்கேயாவது மெஷின் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்காக யாரோ வேண்டிக்கொண்டிருக்கிறார் என்று மனசு லேசாகிவிடுகிறது.