தாச்சியில் வறுத்த குங்குமப்பூ

வறுக்கத் தெரிந்தவளுக்கு வாழத் தெரியும் என்று நம்பி வளர்ந்தவள் நான். எங்கள் வேலணை வீட்டில் மல்லி, சீரகம், செத்தல் மிளகாய், எதுவும் தாச்சியில் வறுபடாமல் கறிக்குள் போனதில்லை. அந்தக் கர்வத்தோடுதான் பக்கத்து ஊரான சரவணைக்கு மருமகளாகப் போனேன்.

கலியாணமாகி முதல் மாதமே இவருடைய அக்கா, என் மச்சாள், சுவிஸிலிருந்து வந்து இறங்கினார். என் கையால் முதல் விருந்து. "வடிவாச் சமைச்சால்தான் அந்த வீட்டில உனக்கு மதிப்பு" என்று அம்மா தொலைபேசியில் வெருட்டியிருந்தார்.

மச்சாள் பெருவிரல் அளவு தகரப் பேணி ஒன்றை இரு கையாலும் நீட்டினார்.

"கவனம், குங்குமப்பூ. ஒரு பூவில மூண்டு தும்புதான் வரும். குனிஞ்சு குனிஞ்சு கையால எடுக்கிறது. பவுண் மாதிரி. பாயாசத்துக்குப் போடும்."

(நாங்களும்தான் குனிந்த தலை நிமிராமல் முருங்கையிலை ஆய்கிறோம். ஒருவரும் பவுண் தந்ததில்லை.)

எப்படிப் போடுவதென்று கேட்டிருக்கலாம். வேலணைக்காரி கேட்பாளா? பனைமட்டை நெருப்பில் தாச்சியை வைத்து, பேணியைக் கவிழ்த்து, அகப்பை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் எல்லாம் கரி. ஊதிப் பார்த்தேன், பாதி பறந்தது, என் மானமும் கூடவே போனது.

கைக்கு அகப்பட்டது மஞ்சள்தூள். விலைகூடிய சாமானுக்கு ஈடாக வேண்டுமே என்று தாராளமாகவே போட்டேன்.

மச்சாள் ஒரு வாய் குடித்தார். விழுங்க நேரமெடுத்தது.

"எல்லாத்தையும் போட்டிட்டீரோ?"

"ஓம் மச்சாள், ஒண்டும் மிச்சமில்லை." (இதில் பொய் எங்கே?)

இவருடைய அப்பா, குங்குமப்பூவைக் கண்ணாலும் கண்டிராத மாமாதான் கெடுத்தார். "எங்கட மஞ்சள் மாதிரித்தானே கிடக்கு. இதுக்கோ பவுண் விலை?"

மச்சாள் எழுந்து குசினிக்குள் போய், தாச்சியோடு வந்தார்.

"இதென்ன?"

"வறுத்தனான்."

"குங்குமப்பூவையோ?"

"வறுக்காமல் என்னெண்டு போடுறது, மச்சாள்?"

"இளஞ்சூட்டுப் பாலில ஊறவிடுறது. அதுவும் நாலைஞ்சு தும்பு." தாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பவுணை நெருப்பில போட்டாலும் பவுண் மிஞ்சும். இதில அதுவுமில்லை."

நான் நின்ற இடத்திலேயே வெட்கத்தில் வெந்தேன். இவரோ சிரிப்பை அடக்க ஏலாமல் கிணற்றடிக்கு ஓடிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மஞ்சளுக்குப் பெயர் குங்குமப்பூ. "பிள்ளை, மீனுக்குக் குங்குமப்பூ பிரட்டியாச்சோ?" என்று மாமா கேட்பார். வந்திருப்பவர்கள் எங்களைப் பெரும் பணக்காரர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

பிறகு நாட்டில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, விலை தலைக்குமேல் ஏறிய நாட்களில், மச்சாள் சுவிஸிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"மஞ்சள்தூள் அனுப்பியிருக்கிறன். கவனம், இப்ப அதுவும் பவுண் மாதிரி. வறுத்துப் போடாதையும்."