பாதியில் படுக்கும் கம்ப்யூட்டர்

"ஒரு தபா ஒயரப் புடுங்கி மாட்டிப் பாருன்னு அப்பவே சொன்னேன், நீ கேட்டாத்தானே..."

"புடுங்கினா உள்ள ஓடிகினு கீறது இன்னாத்துக்கு ஆவும்? வெவரம் தெரிஞ்ச புள்ள ஒக்காந்து பாத்துகினு கீது, நீ நடுவுல..."

"நான் எங்கய்யா நடுவுல வந்தேன்? அதான் நடுவுல நடுவுல படுத்துக்குது. உன்ன மாரியே."

நாகப்பனும் நாகவல்லியும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடையே, தலையை மேசைக்கு அடியிலும் மீதி உடம்பை வெளியிலும் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான், அந்த விவரம் தெரிந்த பிள்ளை சரவணக்குமார். மேலே திரை முழுக்க நீலம். நீலத்தின் மூலையில் ஒரு சோக முகம். ஏதோ கோளாறாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து வருகிறேன் என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் மரியாதையாகத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

பழைய கம்ப்யூட்டரில் புது ஓ.எஸ். என்கிற இயக்க மென்பொருள் போடுவதென்றால், பென் டிரைவைச் சொருகிவிட்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி சரி என்று தட்டிக்கொண்டு, நூறு சதவீதம் வரும்வரை காபி குடிக்கிற வேலை என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே காபி வந்துவிட்டது. நூறுதான் வரவில்லை. எழுபதைத் தாண்டுவதற்குள் நீலம் வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால் அவனுக்கு இந்த வேலை தெரியாது. அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பதில் பொய்யில்லை. ஆனால் அங்கே அவன் பார்ப்பது மற்றவர்களின் சம்பளமும் லீவும். இந்த வித்தியாசம் அவனுடைய பெரியம்மா கண்ணம்மாவின் காதில் ஒருநாளும் ஏறியதில்லை. ஐ.டி.யில் இருப்பவன் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போடாமல் வேறென்ன செய்வான் என்பது அவள் கட்சி. நூம்பலில் ஒரு நல்ல குடும்பம், அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, என் பிள்ளை வந்து எழுப்பிவிடுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் அவனிடம் சொன்னாள்.

"பொண்ணு பாக்கப் போறன்னு நெனச்சிக்காத நைனா. நீ கம்ப்யூட்டரப் பாரு. அவங்க உன்னப் பாத்துக்குவாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் செய்தது பெண்ணின் பெயர்: ஜோதிகா.

அவளை அவன் முன்பே பார்த்திருக்கிறான், பெயரும் அன்றே விசாரித்து வைத்திருக்கிறான். பூந்தமல்லியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபத்தில் மைக் செட் திடீரென்று கிறீச்சிட்டு, பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்ள, மைக் செட்காரர் இந்தக் குமிழையும் அந்தக் குமிழையும் திருகித் திருகிச் சத்தத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் இலையிலிருந்து எழுந்தாள். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒரே ஒரு ஒயரை உருவி வேறு ஓட்டையில் செருகினாள். மண்டபம் அமைதியானது. அவள் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து பாயசத்தை விட்ட இடத்திலிருந்து குடித்தாள். அன்றிலிருந்து சரவணக்குமாருக்குப் பாயசம் இறங்கியதில்லை.

இதற்குமுன் சில வீடுகளில் அவனை வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஜாதகம், ஒரு வீட்டில் உயரம். அதெல்லாம் பஸ் தவறிய மாதிரி, அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். இந்த வீடு தவறினால் அடுத்தது என்று ஒன்று இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. அதனால்தான் ஆபீஸ் நண்பன் பாபுவிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் பையை இரவல் வாங்கிக்கொண்டு, மெட்ரோ வேலைப் புழுதியில் குளித்தபடி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நூம்பல் வந்து சேர்ந்தான்.

வாசலிலேயே நாகவல்லி குறையைச் சொல்லிவிட்டாள்.

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு தம்பி. ரெண்டு தபா நின்னதும் மேசைய ஒரு குத்து குத்திட்டு எழுந்து போய்ட்டாரு. அதுக்கு மின்னாடி வந்தவரு, இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரான்னு சிரிச்சிகினே இருந்தாரு."

இந்த மெக்கானிக்குகளே இப்படித்தான் என்று சரவணக்குமார் அனுதாபப்பட்டான்.

கூடத்து மூலையில் நாகப்பனின் அக்கா சரசா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவள் ரகசியம் பேசினால் வேலப்பன்சாவடியில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நாகவல்லி, "அண்ணி, நீ கீரைய ஆயி" என்று அடைத்துவிடுவாள். சரசா மறுபடி கீரைக்குள் போய்விடுவாள். நாத்தனாரை இப்படியா நடத்துவது என்று அவனுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

சண்டையில் யார் பக்கம் சாய்வது என்று யோசித்தான். வருங்கால மாமியார் பக்கம் சாய்வதே நல்லது என்று தோன்ற, ஒயரைப் பிடுங்கி மாட்டினான். இப்போது சோக முகமும் வரவில்லை. திரை இருட்டாக இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து பீப் பீப் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"இன்னா தம்பி, அழுவுது?" என்றாள் நாகவல்லி.

"அழுவல மே. என்னியக் கேக்காம புடுங்கினதுக்குத் திட்டுது" என்றார் நாகப்பன். நியாயம் தன் பக்கம் வந்துவிட்ட திருப்தியில் அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெட்டியைத் திறப்பதைத் தவிர வழியில்லை. மேல் மூடியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பொட்டு அழியாமல் கழற்றச் சொன்னாள் நாகவல்லி. பொட்டைச் சுற்றிவந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல மூடியைத் தூக்கினான். உள்ளே இருந்ததில் எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஊது ஊதினான். தூசு மொத்தமும் அவன் முகத்துக்கு வந்தது.

கைகழுவும் சாக்கில் கொல்லைப்பக்கம் போய்ப் பாபுவுக்கு போன் போட்டான். சூடாகியிருக்கும் மச்சான், காற்றுக் காட்டு என்றான் பாபு. சரவணக்குமார் திரும்பி வந்து, டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேராக வைத்து, முழு வேகத்தில் போட்டான்.

ஃபேனுக்கும் பெட்டிக்கும் நடுவில் சரசாவின் முறம் இருந்ததை அவன் கவனிக்கவில்லை.

காலையிலிருந்து ஆய்ந்த கீரை மொத்தமும் பச்சை மழையாகக் கிளம்பி, கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. சரசா வெறும் முறத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அண்ணி, நீ கீரைய..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த நாகவல்லி, ஆய்வதற்குக் கீரை இல்லாததால் பாதியில் நின்றாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. ஜோதிகா வெளியே வந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். சரவணக்குமார் இந்தப் பக்கம் பொறுக்கினான். அவள் விரல்கள் கம்பிகளுக்கு இடையில் போய்வந்த லாவகத்தைப் பார்த்ததில் ஒரே இலையை மூன்று முறை எடுத்து மூன்று முறை உள்ளேயே போட்டான்.

"உங்களுக்குக் கோவமே வரலியா?" என்று கேட்டாள்.

"யார் மேல?"

"இதும் மேல."

"இது இன்னாங்க பண்ணும், பாவம். அதுக்குத் தெரிஞ்சத அது பண்ணுது. எனக்குத் தெரிஞ்சத நான் பண்றேன்."

அவள் ஒரு நொடி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, அவன் போட்ட இலையை எடுத்து முறத்தில் வைத்தாள்.

கீரை வெளியேறியதும், என்ன புண்ணியமோ, திரையில் வெளிச்சம் வந்தது. சரவணக்குமாருக்குத் தைரியமும் வந்தது. மறுபடி பாபு. இடம் சுத்தமாக இல்லாவிட்டால் இப்படித்தான் படுக்கும், உள்ளே இருக்கிற பழசையெல்லாம் மொத்தமாக அழித்துவிட்டுப் போடு என்றான். திரையில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. சரவணக்குமார் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். கடைசிப் பெயர் 'வீடு' என்றிருந்தது. அதையும் அழித்த பிறகுதான் படித்தான்.

சதவீதம் ஏறியது. நாகப்பன் வாய்விட்டு எண்ணினார். எழுபது வரும்போது நாகவல்லி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோக முகம் வந்தது.

"போவட்டும் தம்பி, பொறுமையாப் பாரு" என்ற நாகப்பன், சாவகாசமாகச் சேர்த்துக்கொண்டார். "உள்ள கீற போட்டோவுக்கு மட்டும் ஒண்ணும் ஆவாம பாத்துக்கோ. எங்க நைனா படம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரிஜினல் செம்பரம்பாக்கத்து ஊட்ல மழைல போய்டிச்சி. அதுல கீறதுதான்."

சரவணக்குமாருக்கு, கடைசியாக அழித்த 'வீடு' ஞாபகம் வந்தது. மூன்றாம் முறையாகக் கைகழுவப் போனான். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, விஷயத்தைப் பாபுவிடம் சொன்னான்.

"ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே செத்துப் போயிருந்துச்சுன்னு சொல்லிட்டு வா மச்சான். அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். இரண்டே வார்த்தை. சொன்னால் காபி குடித்துவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே போகலாம். பெண்ணும் கிடைக்கலாம். ஆனால் கிடைத்த பிறகு, ஆயுள் முழுக்க ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லாத படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். கூடத்துக்கு வந்தான்.

"சார், போட்டோ எல்லாம் போயிடுச்சு. நான்தான் அழிச்சேன். தெரியாமத்தான் பண்ணேன், ஆனா பண்ணது நான்தான்."

இரவல் ஸ்க்ரூ டிரைவர் பையை மேசைமேல் வைத்தான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியாது. நான் கம்பெனில சம்பளம் போடற செக்ஷன். பெரியம்மா பெருமையா சொல்லிட்டாங்க, எனக்கும் வராம இருக்க மனசு வரல. இந்த டிஸ்க்க யாராவது தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துப் படத்த எடுக்க முடியுதான்னு பாக்கறேன். முடியலன்னாலும் அத நானே வந்து உங்ககிட்ட சொல்றேன்."

அந்தக் காலையில் முதல்முறையாக நாகப்பனும் நாகவல்லியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேபிள் ஃபேன் மட்டும் இப்படியும் அப்படியும் எல்லார் முகத்தையும் பார்த்துவந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ஜோதிகா.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன் உட்கார்ந்தாள். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பச்சை அட்டைகளில் ஒன்றை, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தி, பல் பிடுங்குவது போல உருவினாள். அலமாரியிலிருந்த ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து அதே மாதிரி வேறொன்றை எடுத்து அங்கே நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

எழுபது வந்தது. போனது. தொண்ணூறு வந்தது. நூறு வந்தது. வாழ்க, வருக என்று கம்ப்யூட்டர் முதல்முறையாகச் சிரித்துப் பேசியது.

சரவணக்குமார் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றான். மண்டபத்தில் பார்த்த அதே கை, அதே முகம். செய்ததைப் பெரிதாக்காமல், அடுத்த வேலைக்குப் போய்விடுகிற அதே நடை. வெட்கப்பட வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

"ரேம் ஒண்ணு கெட்டுப்போச்சு" என்று அந்தப் பச்சை அட்டையைக் காட்டினாள். "கம்ப்யூட்டரோட ஞாபகம் இதுல இருக்கும். இது சரியில்லன்னா, பண்ற வேலைய பாதில மறந்துட்டு விழுந்துடும். தாத்தா படம் பத்திரமா இருக்கு. எல்லாத்தையும் நேத்தே வேற டிஸ்க்ல எடுத்து வச்சிட்டேன்."

"உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம்?"

"ஆவடில சர்வீஸ் சென்டர்ல இதான் எனக்கு வேல. உங்க பெரியம்மா சொல்லலியா?"

"ஆபீஸ்ல வேலன்னு சொன்னாங்க."

"எங்ககிட்ட உங்களப் பத்திச் சொன்ன மாரியேதான்" என்றாள். இந்தமுறை சிரிப்பை அவள் விழுங்கவில்லை.

வேறு ஒருவனாக இருந்தால் அப்போது ஒரு கேள்வி கேட்டிருப்பான். சரவணக்குமாருக்கு அந்தச் சிரிப்பைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது.

இன்னொரு காபி வந்தது. நாகவல்லி, உள்ளே போய் அவனுக்காக வெற்றிலை பாக்குத் தட்டைத் தேடினாள். நாகப்பன் வாசல்வரை வந்தார்.

"வரேன் சார்."

"சாரெல்லாம் இன்னாத்துக்கு? மாமான்னு கூப்டு."

சரவணக்குமாருக்குக் கால்கள் தரையில் இல்லை. இருந்தாலும் ஷூ போட்டாக வேண்டும் என்பதால் படியில் குனிந்தான். ஜோதிகா நிலையில் சாய்ந்து நின்றாள். வாயை அடைக்கும் ஆள் உள்ளே தட்டுத் தேடிக்கொண்டிருந்ததால், சரசா ஒரு கையில் பிஸ்கட் டப்பாவும் மறு கையில் அந்தப் பச்சை அட்டையுமாக நிதானமாக வெளியே வந்து, தம்பி மகளின் காதருகே குனிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ரகசியம் கேட்டாள்:

"ஏம்மே ஜோதி, இந்தக் கெட்டுப்போனத, அடுத்த ஞாயித்துக்கெழம வர்ற பூந்தமல்லி மாப்ளைக்கும் சொருவணும்னு எடுத்து வைக்கட்டா, இல்ல இவரே போதும்னு குப்பைல போட்ரட்டா?"