கூந்தலுக்கு ஒரு கையெழுத்து

மைசூர் தேவராஜ மார்க்கெட் பூக்கடை வரிசையில் போட்டோ ஸ்டூடியோ சக்ரபாணி அரைமணி நேரமாகப் பெண்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா நிற்க முடியும்? நெற்றியில் ஏற்கெனவே திருமண் இருந்தது. இடமும் இல்லை.

பூக்காரி தேவம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"முகத்தைப் பாக்கற ஆம்பளைங்களைப் பாத்திருக்கேன் சாமி. நீங்க என்ன, முதுகையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"ஒரு தலைமுடியைத் தேடறேம்மா" என்றான் சக்ரபாணி, உள்ளதை உள்ளபடி.

தேவம்மா பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை வாளியோடு தூக்கினாள். நனைந்த கோட்டோடு அவன் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தான்.

விஷயம் இதுதான். ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரிப் படித்துறையில் அவன் ஒரு படம் எடுத்திருந்தான். வெள்ளைத் துணி போர்த்திய ஒரு முதுகு. அதை மறைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த படிக்கல் வரைக்கும் வழிகிற கூந்தல். முகம் தெரியாது. பம்பாயில் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி அந்தப் படத்தைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டது. காலண்டரில் அச்சடிக்கப் போகிறோம், இனி எங்கள் படமெல்லாம் நீரே எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். கூடவே ஒரு நிபந்தனை. படத்திலிருக்கும் ஸ்திரீயின் சம்மதக் கடிதம், அவள் கையெழுத்தோடும் இரண்டு சாட்சிகளோடும், மாதக் கடைசிக்குள் வந்தாக வேண்டும். போன வருஷம் யாரோ ஒரு வக்கீல் மனைவியின் முகத்தைக் கேட்காமல் அச்சடித்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் நின்றார்களாம்.

கடிதம் போகாவிட்டால் காலண்டர் யாராவது மதராஸ் போட்டோக்காரனுக்கு. ஸ்டூடியோவை இழுத்து மூடிவிட்டு, மாமனார் ஆழ்வாரையங்கார் பார்த்து வைத்திருக்கும் குமாஸ்தா உத்தியோகத்தில் சேர வேண்டியதுதான். மாமனாரின் ஆபீஸ். மாமனாருக்கு எதிர் மேஜை.

மறுநாள் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் மாட்டினான். 'இப்படத்திலுள்ள ஸ்திரீ உள்ளே வந்து கையொப்பமிடவும்' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினான். புத்திசாலித்தனமான யோசனை என்று அவன் நினைத்தான், பாவம்.

மத்தியானத்துக்குள் பதினொரு ஸ்திரீகள் வந்தார்கள். பதினொருவரும் அது தாங்கள்தான் என்று சத்தியம் செய்தார்கள். ஒருத்திக்கு முடி தோளைத் தாண்டவில்லை. விஷஜுரத்தில் கொட்டிவிட்டதாம். ஒருத்தி பிறந்ததிலிருந்து காவேரியைப் பார்த்ததே இல்லை, இருந்தாலும் படம் அவளுடையதுதானாம். பெரிய வீட்டு யதுகிரியம்மாள் கையெழுத்தெல்லாம் போட மாட்டாளாம், அது கௌரவக் குறைச்சல். காலண்டரில் தன் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டால் போதுமாம். கடைசியாக ஒரு பெரியவர் வந்து, இது காலமாகிப்போன என் சம்சாரம் என்று அழுதார். படம் எடுத்து மூன்று மாசம்தான் ஆகிறது என்று சக்ரபாணி மெதுவாகச் சொன்னான். அப்படியென்றால் அவள் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறாளா என்று பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினார்.

சாயங்காலம் புருஷன்மார்கள் வந்தார்கள். என் பெண்டாட்டி தலை காயவைக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று ஆளுக்கு ஒரு தடவை கேட்டார்கள். ஐயா, அது உங்கள் மனைவியே இல்லை என்றான் சக்ரபாணி. அப்படியானால் என் பெண்டாட்டி பொய் சொல்கிறாளா என்று ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். உண்டு என்றாலும் உதை, இல்லை என்றாலும் உதை. படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடினான்.

வீட்டில் அவன் மனைவி பங்கஜவல்லி காத்திருந்தாள்.

"ஊரெல்லாம் தேடினேளே, ஆத்துல ஒரு வார்த்தை கேட்டேளா?"

"உன்னை என்னன்னு கேக்கறது?"

"அது நான்தான்."

சக்ரபாணி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஆடிப்பெருக்கன்று அவளும் வந்திருந்தாள், வாஸ்தவம். குளித்தாள், அதுவும் வாஸ்தவம். ஆனால் அவள் பின்னல் இடுப்பைத் தொடாதே? தயங்கித் தயங்கி அதைக் கேட்டும்விட்டான்.

"அது உங்க லென்ஸோட லட்சணம். கட்டின பெண்டாட்டி முதுகு தெரியலை, பூக்கடையில நின்னுண்டு ஊரார் முதுகையெல்லாம் பாத்தேளாம். மொஹல்லாத் தெரு பூரா சிரிக்கறது."

சக்ரபாணி மன்னிப்புக் கேட்டான். காலில் விழாத குறை. இனி ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவன் பொறுப்பு என்று தீர்மானமான பிறகுதான் பங்கஜவல்லி பேனாவைத் தொட்டாள். 'படத்திலிருப்பது நானே' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிக்கு அவள் அண்ணனும் அப்பாவும். ஆழ்வாரையங்கார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். சின்னக் குழந்தையிலிருந்தே இவளுக்கு இந்த அடர்த்திதான் என்று சொல்லிக் கையெழுத்திட்டார். பெரிய மனிதர், பொய் சொல்வாரா?

தை பிறந்ததும் காலண்டர் வந்தது. 'மைசூர் சுந்தரி' என்று பெயர் போட்டு, கடைக்குக் கடை தொங்கியது. அடுத்த வருஷப் படங்களும் சக்ரபாணிக்கே என்று பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. பங்கஜவல்லி கோயிலுக்குப் போனால் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மட்டும் தலையை முந்தானையால் இறுக்கிப் போர்த்திக்கொண்டே நடந்தாள். திருஷ்டி பட்டுவிடுமாம். சக்ரபாணியோ ஞாயிறு தவறாமல் கண்ணெரிய அடுப்பு ஊதினான். ஊதும்போதெல்லாம், மனைவியை அடையாளம் தெரியாத பாவி நான் என்று மனப்பூர்வமாக நொந்துகொண்டான்.

பங்குனியில் ஒருநாள் ராமாபுரம் கிராமத்திலிருந்து சித்தையன் என்ற விவசாயியும் அவன் மனைவி மல்லம்மாவும் கைக்குழந்தையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஒன்பது வருஷம் தவம் கிடந்து பிறந்த பிள்ளையாம், படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பங்கஜவல்லியும் சாப்பாடு கொண்டுவந்தவள் அங்கேயே நின்றிருந்தாள். பிள்ளையோடு வந்தவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சக்ரபாணி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

மல்லம்மா காமிராவைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்தாள். இந்தப் பக்கம் பாரும்மா என்று இரண்டு தடவை சொன்னான். அவள் திரும்பவில்லை. சக்ரபாணி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஊரே வாயைப் பிளக்கிற படம், இவள் மட்டும் என்ன செய்வாள்?

"அது இவதான். என் சம்சாரம்" என்றான் பெருமையாக.

மல்லம்மா பங்கஜவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தையனின் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சாமி. புள்ள வேணுமின்னு மாதேசுவர சாமிக்கு நேந்துக்கிட்டு ஒம்பது வருசமா வளத்துன முடி, தெனமும் சிக்கெடுத்தவ நானு. இது எங்க ஊட்டுக்காரருங்க."