அரண்மனை வாசலில் ஒரு சின்னத் திருத்தம்

மழை தவறாமல் பெய்து, சட்டம் அதைவிடத் தவறாமல் பெய்த வண்ணாவரம் என்ற நாட்டில் ஒரு சித்திரச் சாலை இருந்தது. கொடி, சுவரொட்டி, ஊர்ப்பலகை எல்லாம் அங்கேதான் பிறந்தன. நான்கு ஓவியர்களுடன் தொடங்கிய சாலையில் இப்போது நாற்பது பேர். ஆள் பத்து மடங்கு பெருகியும் படம் ஏன் இரண்டு மடங்குதான் பெருகியது என்று அரசர் நெடுமுடியார் கேட்டார்.

விரைவுத் துறை அமைச்சர் தாண்டவராயர் மூன்று நாள் சாலையின் மூலையில் உட்கார்ந்து ஆராய்ந்தார். ஓவியர்கள் அடிக்கடி தூரிகையை வைத்துவிட்டு, அரண்மனை வாசலைப் பார்த்த சன்னலுக்குப் போய் நின்றார்கள். சந்தை, மாடு, குழாயடிச் சண்டை எல்லாம் அதில் தெரியும்.

"நாட்டின் வளர்ச்சி இந்த ஓட்டை வழியாகத்தான் வெளியேறுகிறது" என்று அறிவித்து, செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார்.

தலைமை ஓவியர் செங்கமலம் தூரிகையோடு எழுந்து வந்தாள். அந்தச் சன்னலில் நின்று பார்க்காமல் அவள் ஒரு கோழியைக்கூட வரைந்ததில்லை.

"பாக்காம எப்படிங்கய்யா வரையறது?"

"நினைவிலிருந்து, அம்மா. நினைவு நின்ற இடத்திலேயே வேலை செய்யும்."

படங்கள் மளமளவென்று வந்தன. அமைச்சர் பதக்கம் வாங்கினார். ஆறே மாதத்தில் ஊர்ப்பலகை மாட்டுக்கு ஐந்தாவது கால் முளைத்தது. மக்கள் சிரித்தார்கள். உடனே ஒரு சட்டம் வந்தது: அரசுப் படத்தில் இருப்பதே மெய். நாலு கால் மாடுகளைச் சந்தைக்குள் விடவில்லை. பாலுக்கு வழியில்லாமல் ஊர் கடுங்காப்பிக்குப் பழகியது.

அடுத்து அரசரின் படம். "அக்கா, அவரு மீசை மேல பாத்து இருக்குமா, கீழயா?" என்று பக்கத்து ஓவியன் கேட்டான். செங்கமலம் செங்கல் சுவரைப் பார்த்தாள். "எதுக்கும் ரெண்டு பக்கமும் போட்டு வை" என்றாள்.

வேட்டைக்குப் போன அரசர் திரும்பி வந்தபோது, காவலர்கள் அந்தப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன் கதவைச் சாத்தினார்கள். சட்டத்தில் அரசருக்கு விலக்கு இல்லை. முகத்துக்குப் பொருந்தும் புதுப்படம் வந்து, அதில் அவரே கையொப்பமும் இட்டால்தான் திறக்கலாம்.

"இந்தத் தடவை பாத்துத்தான் வரையணும். சன்னலத் திறங்க" என்றாள் செங்கமலம். வேறு வழியில்லை. படம் முடியும்வரை திறந்திருக்கலாம் என்று அமைச்சர் ஆணையிட்டார்.

ஒரு நாழிகையில் படம் தயார். நரைத்த மீசை, ஏறிய நெற்றி, சரிந்த தொந்தி, அப்படியே அரசர். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"யார் இது?"

"நீங்கதாங்க மகாராசா."

"நன்றாகத்தான் இருக்கிறது. வயிற்றில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம்."

வயிறு உள்ளே போனது. காவலர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. கதவு அசையவில்லை. பிறகு மீசை கறுத்தது. பிறகு தோள் அகன்றது. திருத்தங்களுக்கு நடுவே சாலையில் மற்றப் படங்களின் வேலையும் நடந்தது. பார்த்து வரைந்ததால் மாட்டுக்கு நாலு காலே போதுமென்றாயிற்று. சந்தைக்குப் பால் வந்தது. அரசர் உள்ளே இல்லாததால் புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நாற்பத்தேழாவது திருத்தத்தைச் செங்கமலம் சன்னல் வழியே நீட்டினாள். "இதையே வச்சுக்கலாமுங்களா?"

வாசற்படியில் மோர் குடித்துக்கொண்டிருந்த அரசர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இருபது வயது இளைஞன் ஒருவன் அதில் சிரித்தான்.

"கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்றார். "தலையில் மட்டும் இன்னும் கொஞ்சம் முடி."