வைஃபை காவல்காரர்

வாசல் கதவைத் தாழ் போட மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள்; வைஃபை பாஸ்வேர்டை மட்டும் கட்டின மனைவிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். இப்படி ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. வீட்டுக்கொருவர் இருக்கிறார், பார்த்திருப்பீர்கள்.

நம் மருந்துக்கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பார்க்கிற படம் நடுவில் நின்று சுற்ற ஆரம்பித்தால், கம்பி அறுந்திருக்கும், கம்பெனியில் கோளாறு என்றெல்லாம் அவருக்குத் தோன்றாது. “மாடிவீட்டு வாத்தியார் உறிஞ்சறார்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம் என்று கலந்து, டாக்டர் சீட்டைப் போல அவருக்கு மட்டுமே விளங்குகிற புதுப் பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். மனைவி கேட்டால்? “எதுக்கு?” மைத்துனர் கேட்டால் அவர் போனை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, தானே அடித்துத் தருவார். மைத்துனர் ஊருக்குப் புறப்படும்போது தானே அழித்தும் விடுவார். இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அடிக்கடி பார்ப்பார். தன் போன் ஒன்றுதான் இருக்கும். என்ன கட்டுக்காவல் என்று பூரித்துப்போவார்.

மகளுக்கு அன்று வேலைக்கான நேர்காணல், வீட்டிலிருந்தே. எத்தனையோ இடத்தில் எழுதிப்போட்டு வந்த ஒரே அழைப்பு. பெரிய மனசு பண்ணி, அவள் புதிதாக வாங்கிய பழைய லேப்டாப்பில் அவரே பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தார். அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கூடத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் இணைப்பைப் பார்த்தார். ‘புலிக்குட்டி’ என்று ஒரு பெயர்!

விடுவாரா? ஒரே அமுக்கு. புலிக்குட்டி வெளியே.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது.

“அப்பா, நெட் போச்சு. அதிகாரி கேள்வி கேட்டுட்டு இருந்தாரு.”

“வந்துரும்மா. இப்பதான் ஒரு திருடனைப் புடிச்சேன். பேரு புலிக்குட்டியாம்.”

“அது என் லேப்டாப்புப்பா. முன்னாடி வச்சிருந்தவர் வச்ச பேரு.”

காவல்காரருக்கு வியர்த்துவிட்டது. தடையை நீக்கப் போனால் வைஃபை பெட்டி தனக்கென்று வேறொரு பாஸ்வேர்டு கேட்டது. அதையும் காலையில்தான் மாற்றியிருந்தார். பெரிய எழுத்து முதலிலா, நட்சத்திரம் முதலிலா? மகள் வேலை கையை விட்டுப் போகிறதே என்ற பயத்தில் மூன்று தடவை தப்பாக அடித்தார். பெட்டி அவரையும் பூட்டி வெளியே தள்ளியது.

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “மாடி வைஃபைல போட்டுக்கடி. நான் அடிச்சுத் தரேன்.”

“மாடி வைஃபையா?” என்றார் இவர்.

“வாத்தியார் போன வருஷமே குடுத்துட்டார். நாங்க எல்லாரும் அதுலதான் இருக்கோம். உங்ககிட்ட யாரு கெஞ்சறது?”

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. மகளின் குரல் வெளியே கேட்டது: “மன்னிக்கணும் சார். இல்ல சார், நெட்ல கோளாறு இல்ல. வீட்லதான்.” லேப்டாப்பில் அந்த அதிகாரி சிரிப்பது கேட்டது. இவருக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

நீங்கள் அந்த ரகமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக யாரும் உங்களிடம் பாஸ்வேர்டே கேட்பதில்லையா? அப்படியானால் ஒரு நடை மாடிக்குப் போய், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.